எஞ்சினைத் திறக்கலாம், போனைத் திறக்க ஏலாது

யாழ்ப்பாணத்துக் குருநகர் இறங்குதுறையில் விடியப்புறம் நின்று பார்த்தால், தொழிலுக்குப் போகிறவர்களில் கனபேரின் போன் சொப்பின் பைக்குள்தான் இருக்கும். பையை இரண்டு மடிப்பு மடித்து, றபர் பாண்ட் போட்டு, சோற்றுப் பெட்டியோடு வைத்துக்கொள்வார்கள். பைக்கு மேலாலேயே திரையை அமத்திக் கதைப்பார்கள். தண்ணி புகாத கவர் என்று கடைகளில் விலை கூடிய சாமான்கள் தொங்குகின்றன. ஒருவரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. சொப்பின் பை சும்மா கிடைக்கிறது, கிழிந்தால் இன்னொன்று.

அந்தப் பைக்குள் இருக்கிற சாமான் இப்போது வெறும் தொலைபேசி இல்லை. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பது அதில். வலை போட்ட இடத்தைக் குறித்து வைப்பது அதில். கரைக்கு வரமுதலே சம்மாட்டியிடம் இன்றைக்கு நண்டு என்ன விலை போகுது என்று கேட்பது அதில். பாரிசில் இருக்கிற மகன் வைபரில் எடுப்பதும் அதிலேதான். யாழ்ப்பாணத்துக்குக் கைத்தொலைபேசி வந்ததே 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு. இந்த இருபது சொச்சம் வருசத்தில் எஞ்சின், வலை, ஐஸ் பெட்டிக்கு அடுத்த தொழில் சாமானாக அது ஆகிவிட்டது. தொழில் சாமான் என்றால் அதற்கு ஒரு கடமை இருக்கிறது: நேற்றுச் செய்த வேலையை இன்றைக்கும் செய்ய வேண்டும். அந்த இடத்தில்தான் எனக்கும் இந்தப் புது மென்பொருள்களுக்கும் பிணக்கு.

என் சித்தப்பாவின் போனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கொம்பனி என்று எழுதவில்லை. எழுதினால் அந்தக் கொம்பனிப் போன் வைத்திருக்கிற எல்லோரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள். இரவு சாச்சில் போட்டுவிட்டுப் படுத்தவர். இரண்டரை மணிக்கு எழும்பிப் பார்த்தால் திரையில் கொம்பனியின் பெயர் வருகிறது, மறைகிறது, திரும்ப வருகிறது. அவ்வளவுதான். நடுச்சாமத்தில் அதுவே தன்பாட்டில் ஒரு அப்டேற்றைப் போட்டு, அதுவே விழுந்துவிட்டது. மனிசன் அன்றைக்குப் போன் இல்லாமல்தான் கடலுக்குப் போனார். மத்தியானம் என்னிடம் வந்தபோது அவர் சொன்ன முதல் வசனம்:

"தம்பி, நான் ஒண்டும் அமத்தேல்லை."

அறுபது வயது தாண்டிய ஆள், நாற்பது வருசம் கடலோடு மல்லுக்கட்டிய ஆள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறார். போன் பழுதானால் வைத்திருந்தவர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று எல்லோரையும் நம்பவைத்திருக்கிறார்களே, அதைப் பெரிய கெட்டித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வந்தது.

ரவுணில் போன் திருத்துகிற பெடியன் ஐந்து நிமிசத்தில் தீர்ப்புச் சொன்னான். "அங்கிள், போர்மற் பண்ணினா போன் வரும். உள்ளுக்கை கிடக்கிறது வராது." இப்போதைய போன்களில் உள்ளே இருக்கிற தரவு முழுக்கப் பூட்டுப் போட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. அந்தப் பூட்டின் திறப்பும் அதே போனுக்குள்தான். களவு போனால் எடுத்தவனால் எதையும் பார்க்க ஏலாது. அதற்கு நல்ல ஏற்பாடு. ஆனால் போன் எழும்ப மறுத்தால் சொந்தக்காரனும் கள்வனும் அதற்கு ஒன்றுதான். படங்கள் போனது பரவாயில்லை, பிள்ளைகளிடம் இருக்கும் என்றார் சித்தப்பா. அவர் உடைந்துபோனது வேறொன்றுக்கு. கடலுக்கு அடியில் கல்லுப்பார் கிடக்கிற இடங்கள், வலை மாட்டிக் கிழிகிற இடங்கள், எந்த மாதத்தில் எங்கே என்ன படும் என்று வருசக்கணக்காகக் குறித்து வைத்த புள்ளிகள் எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தன. கரைக்குக் கிட்ட என்றால் கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேருக்கு வைத்து இடத்தைப் பிடிக்க அவருக்குத் தெரியும். மண்டைதீவைத் தாண்டி வெளியே போனால் நேருக்கு வைக்க என்ன இருக்கிறது?

இது சித்தப்பாவின் தலையெழுத்து மட்டும் இல்லை. உலகத்தின் பெரிய கொம்பனிகள் எல்லாமே ஒரு தரமாவது இப்படி விழுந்திருக்கின்றன. 2014 செப்ரெம்பர் 24 அன்று அப்பிள் ஐஓஎஸ் 8.0.1 என்ற அப்டேற்றை விட்டது. ஒரு கிழமைக்கு முன் வந்த பதிப்பின் பிழைகளைத் திருத்துவதற்காக வந்தது அது. அதைப் போட்ட ஐபோன் 6 காரர் பலருக்கு சிக்னலே இல்லாமல் போனது. விரல் அடையாளமும் வேலை செய்யவில்லை. கடைக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகாத போன், கதைக்க ஏலாத போனாக மாறியது. ஒரு மணித்தியாலம் அளவில் அதைத் திருப்பி எடுத்தார்கள், அடுத்த நாள் 8.0.2 வந்தது. 2024 ஒக்ரோபரில் சாம்சுங்கின் ஒரு துணை மென்பொருளுக்கு வந்த அப்டேற், 2019 இல் விற்ற கலக்ஸி எஸ்10, நோட் 10 போன்களை எழும்பி எழும்பி விழவைத்தது. கனபேருக்குக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குவதுதான் வழியாக இருந்தது.

இவை கைதவறி நடந்தவை. தெரிந்தே செய்ததும் உண்டு. 2017 டிசெம்பரில், பற்றரி பழசான ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததை அப்பிள் ஒப்புக்கொண்டது. போன் சடாரென்று நின்றுபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அந்த விளக்கத்தில் பிழை இல்லை; பழைய பற்றரியால் திடீர்ச் சுமையைத் தாங்க ஏலாதுதான். ஆனால் போன் மெதுவானதும் சனம் புதுப்போன் வாங்க ஓடியது. பற்றரியை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒருவருக்கும் சொல்லப்படவில்லை. சனம் கொதித்தெழுந்த பிறகுதான் 79 டொலர் பற்றரி மாற்றம் 29 டொலருக்கு வந்தது. 2018 ஒக்ரோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், அப்டேற்றால் பழைய போன்களை மந்தமாக்கியதற்காக அப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சுங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் போட்டது. 2025 ஜனவரியில் கூகிள் தன் பிக்சல் 4ஏ போன்களின் பற்றரிக்கு ஒரு அப்டேற்றால் கடிவாளம் போட்டது. சூடாகிற ஆபத்து என்று காரணம். போட்டதோடு நிற்கவில்லை, பழைய பதிப்புக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் எடுக்கக்கூடிய கோப்புகளையும் தன் தளத்தில் இருந்து நீக்கிவிட்டது. போன பாதையால் திரும்பி வர ஏலாது.

எங்கள் பக்கத்தில் இன்னொன்று கண்டிருப்பீர்கள்: திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக்கோடு. இந்தியாவில் வன்பிளஸ், சாம்சுங் போன்களில் இது பெரிய பிரச்சினையாகி, சில மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தார்கள். அப்டேற் போட்ட அன்றைக்கே கோடு விழுந்தது என்று கனபேர் சத்தியம் பண்ணுகிறார்கள். கொம்பனிகள் திரையின் குறை என்கின்றன. இங்கே என்றால் கோடு விழுந்த போனோடேயே காலம் ஓடுகிறது. இறங்குதுறையில் ஒருவர் இரண்டு கோடு போட்ட போனைக் காட்டி, "எனக்குப் பதவி உயர்வு" என்று சிரித்தார்.

ஏன் இப்படி ஆனது? 2000 ஆம் ஆண்டு வந்த நொக்கியா 3310 ஐ நினைத்துப் பாருங்கள். அதன் மென்பொருள் தொழிற்சாலையில் இருந்து எப்படி வந்ததோ, போன் சாகும்வரை அநேகமாக அப்படியேதான் இருந்தது. வாங்கியவரால் அதை மாற்ற வழி இல்லை. ஆகவே அனுப்பமுதல் திருத்த வேண்டியதைத் திருத்தித்தான் அனுப்பினார்கள். பிழை இருந்தால் பிழையோடேயே வாழவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது காற்றோடு காற்றாக அனுப்பலாம். பிறகு திருத்தலாம் என்ற வசதி வந்ததும், இப்போதே திருத்த வேண்டும் என்ற கட்டாயம் கழன்றுவிட்டது. ஒவ்வொரு செப்ரெம்பரிலும் புது ஐபோன் மேடையேற வேண்டும், அதோடு புது மென்பொருளும் வர வேண்டும். வேலை முடிந்ததோ இல்லையோ, திகதி முடிவாகிவிட்டது. அன்ட்ரொயிட் பக்கம் என்றால் இன்னும் சிக்கல். கூகிள் எழுதியதை சிப் செய்கிறவர் மாற்றி, போன் செய்கிறவர் மாற்றி, ஆயிரக்கணக்கான மாடல்களுக்குப் போகிறது. எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே முதலில் கொஞ்சப் பேருக்கு அனுப்பி, ஐயோ என்று சத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். சித்தப்பா அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவராக இருந்திருப்பாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

வழி தெரியாமல் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 2016 இல் வந்த அன்ட்ரொயிட் 7 இலேயே கூகிள் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. போனுக்குள் மென்பொருளுக்கு இரண்டு இடம். ஒன்றில் பழசு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதுசு எழுதப்படும். புதுசு எழும்பவில்லை என்றால் போன் தானாகவே பழசுக்குத் திரும்பிவிடும். ஆனால் இரண்டு இடத்துக்குச் சேமிப்பு கூட வேண்டும், காசும் கூட. விலை குறைந்த போன்கள் கனகாலம் அந்தப் பக்கம் போகவில்லை. விலை குறைந்த போன் வைத்திருக்கிறவனுக்குத்தான் போன் விழுந்தால் இரண்டாவது போன் இல்லை.

இந்த இடத்தில் எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வள்ளங்களில் ஓடுகிற அவுட்போட் எஞ்சின் நின்றால் என்ன நடக்கும்? மூடியைக் கழற்றுவார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். எண்ணெய் வருகிறதா, குழாயில் தண்ணி புகுந்திருக்கிறதா, காபிரேற்றரில் ஊத்தை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போவார்கள். கை எண்ணெயும் உப்புமாக இருக்கும், வள்ளம் ஆடிக்கொண்டிருக்கும், பொழுதுபட்டிருக்கும். பத்துக்கு எட்டுத் தரம் எஞ்சின் ஸ்ராட் ஆகும். மிச்ச இரண்டு தரத்துக்கும் என்ன பிழை என்றாவது தெரிந்துவிடும். சித்தப்பா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அந்த எஞ்சின் அவரைத் தனக்குள்ளே விடுகிறது.

யாழ்ப்பாணத்துக்கு இது புதுப் பாடம் இல்லை. 1990 இல் போரோடு கரண்ட் நின்றது, பெற்றோல் தடை. அந்த ஐந்தாறு வருசத்தில் இங்கே நடந்தவற்றை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறோம் என்பார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். ஒருவர் சுற்ற நாலுபேர் செய்தி கேட்பார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு விளக்குச் செய்து படித்துத்தான் ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. எழுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள், சூடானதும் மண்ணெண்ணெய். புகை என்றால் அப்படி ஒரு புகை. அந்தச் சாமான்களைச் செய்தவர் ஒருவரும் இப்படி ஓட்டலாம் என்று எழுதித் தரவில்லை. ஆனால் ஓட்டக்கூடாது என்று பூட்டும் போடவில்லை. யப்பானில் செய்த எஞ்சினுக்கு யாழ்ப்பாணத்து மெக்கானிக் கை வைக்கலாம் என்று இருந்தபடியால் ஒரு குடாநாடே ஓடியது.

குருநகர் யாகப்பர் கோயிலின் பாதுகாவலரும் தொழிலாளிதான். அழைப்பு வந்தபோது அவர் தகப்பனோடு வள்ளத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார் என்று சுவிசேசம் சொல்கிறது. மீன் பிடிப்பதில் பாதி வேலை பொத்துகிற வேலை என்பது அந்தக் காலத்திலேயே அப்படித்தான் போல.

இப்போது போனைப் பாருங்கள். எழும்பவில்லை என்றால் அது காட்டுவது தன் பெயரை மட்டும். எது பிழைத்தது, எந்த இடத்தில் நிற்கிறது, நான் என்ன செய்யலாம், ஒன்றும் கிடையாது. கொஞ்சம் நல்ல மனது உள்ள போன் என்றால் 'ஏதோ தவறு நேர்ந்தது' என்று சொல்லும். அதையாவது தமிழில் சொல்கிறதே என்று சந்தோசப்பட வேண்டியதுதான். நம்பகமான சாமான் என்றால் ஒருநாளும் பழுதாகாதது என்று விளம்பரக்காரர் எங்களை நினைக்கவைத்திருக்கிறார்கள். கடலில் இருக்கிறவனுக்கு அந்தக் கணக்கு உதவாது. பழுதாகாத சாமான் உலகத்திலேயே இல்லை. பழுதானால் கையில் வைத்திருக்கிறவன், கரையை விட்டுத் தள்ளி, சிக்னல் இல்லாத இடத்தில், தன்னந்தனியாகத் திருத்த ஏலுமா என்பதுதான் அவனுக்குக் கேள்வி. கணினித்துறை போகிற பாதை அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு வருசமும் சாமான் இன்னும் கெட்டித்தனமாகிறது, கதவு இன்னும் இறுக்கமாகிறது.

அப்டேற்றே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். வேண்டாம் என்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியில் கப்பம் கேட்கிற வைரஸ் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5000 முகவரிகள். மே 17 இல் இருந்து ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான், அந்த மாதங்களுக்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். ஓட்டையை அடைக்கிற அப்டேற் கட்டாயம் வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஓட்டையை அடைக்கிறதையும் பொத்தானின் நிறத்தை மாற்றுகிறதையும் ஒரே பொதியில் கட்டி அனுப்புகிறார்கள். முதலாவது எனக்கு வேண்டும், இரண்டாவது வேண்டாம் என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை.

ஜிபிஎஸ் கதை இதற்கு இன்னும் பொருந்தும், கடல்காரருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கவும் வேண்டும். ஜிபிஎஸ் செய்மதிகள் இது எத்தனையாவது கிழமை என்று ஒரு எண்ணை அனுப்புகின்றன. பழைய முறையில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் சின்னது. 0 இல் இருந்து 1023 வரைதான் போகும், பிறகு திரும்ப 0. அதாவது 1024 கிழமை, இருபது வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1980 ஜனவரியில் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஓகஸ்டில் ஒருமுறை திரும்பியது, 2019 ஏப்ரலில் இரண்டாம் முறை. அடுத்தது 2038 நவம்பர். இதைக் கவனிக்காமல் செய்த கருவிகள் அன்றைக்கு இருபது வருசம் பின்னுக்குப் போய்விடும். 2012 இல் வந்த ஐபோன் 5 க்கு இதற்காகவே அப்பிள் ஒரு அப்டேற்றை விட்டது. 2019 நவம்பர் 3 க்கு முதல் போடாவிட்டால் திகதியும் இடமும் குழம்பும், இணையம் மின்னஞ்சல்கூட ஓடாது, பிறகு கணினியில் கொளுவித்தான் திருத்தலாம் என்று எச்சரித்தது. ஏழு வருசப் பழைய போனை நினைவில் வைத்துச் செய்த அந்த வேலைக்கு நான் அப்பிளைப் பாராட்டுவேன். பாராட்டுகிற இடத்தில் பாராட்ட வேண்டும்.

எல்லையில் தொழில் செய்கிறவனுக்கு இது விளையாட்டில்லை. 1974, 1976 உடன்படிக்கைகள் கடலில் கீறிய கோட்டைக் கண்ணால் காண ஏலாது. இராமேஸ்வரத்தில் இருந்து வருகிற றோலர்காரரும் கோடு தெரியவில்லை என்கிறார்கள், அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் கத்துகிறார்கள். அந்தச் சண்டையில் மென்பொருளுக்குப் பங்கில்லை, அது வேறு கதை, அதற்கு வேறு பதிவு வேண்டும். ஆனால் கடற்படை வந்து மறித்தால் நீ எங்கே நின்றாய் என்பதற்குக் கையில் இருக்கிற ஒரே சாட்சி அந்த ஜிபிஎஸ் புள்ளிதான்.

2038 இல் இன்னொன்றும் வருகிறது. கணினிகள் கனக்க 1970 ஜனவரி 1 இல் இருந்து எத்தனை செக்கன் என்று எண்ணித்தான் நேரம் பார்க்கின்றன. பழைய 32 பிற் கணக்கில் அந்த எண் 214 கோடி சொச்சத்தோடு நிரம்பிவிடும். எங்கள் நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிசம் 7 செக்கன். அதற்கு அடுத்த செக்கனில் அப்படிப்பட்ட கருவிகள் 1901 க்குப் போய்விடும். இப்போதைய போன்கள் 64 பிற், தப்பிவிடும். படகுகளிலும் கரையிலும் ஒருவரும் நினைவில் வைத்திராத சின்னச் சின்னக் கருவிகளைத்தான் யார் திறந்து பார்ப்பார்கள் என்று தெரியவில்லை.

தமிழுக்கும் இதில் ஒரு கிளைக்கதை. முதல் வந்த அன்ட்ரொயிட் போன்களில் தமிழ் பெட்டி பெட்டியாகத்தான் தெரிந்தது. பேஸ்புக்கில் அம்மா எழுதியதும் பெட்டி, ஈழத்துச் செய்தித்தளமும் பெட்டி. ஐபோனுக்குள் தமிழ் விசைப்பலகை 2013 இல் ஐஓஎஸ் 7 ஓடு வந்தது; அதற்குப் பின்னால் மலேசியாவின் முத்து நெடுமாறனின் உழைப்பு. அவருடைய செல்லினம் அதற்கு எட்டு வருசம் முதலே சாதாரணக் கைத்தொலைபேசிகளில் தமிழைக் கொண்டுவந்துவிட்டது. 2018 பெப்ரவரியில் தெலுங்கர்களுக்கு நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து யாராவது அனுப்பினால் போதும், ஐபோனில் அந்தச் செயலி செத்துவிடும். திரும்பத் திறந்தால் திரும்பச் சாகும். எழுத்துகளை ஒன்றோடு ஒன்று பொருத்திக் கீறுகிற பகுதியில் ஒரு பிழை. கோடிக்கணக்கானோர் பேசுகிற மொழியின் எழுத்தை எழுதிப் பார்க்காமலேயே போன் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. சில நாளில் 11.2.6 பதிப்பில் திருத்தினார்கள்.

இனி வருகிறது செயற்கை நுண்ணறிவுக் காலம். இதுவரை போன் பிழைத்தால் நின்றது. இனிப் பிழைத்தாலும் நிற்காது, நம்பும்படி எதையோ சொல்லும். 2024 டிசெம்பரில் ஐபோனின் புதுச் சுருக்கி, பிபிசி செய்திகளைச் சுருக்கப் போய், கொலைவழக்கில் கைதான ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று பிபிசியின் பெயரிலேயே அறிவித்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அடுத்த மாதம் செய்திச் சுருக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். இதைக் காற்று அறிவித்தலுக்குப் பொருத்திப் பாருங்கள். இப்போதே தமிழ் அறிவித்தல்கள் பூட்டுத் திரையில் பாதியில் வெட்டுப்பட்டுத்தான் தெரிகின்றன. 'கடற்றொழிலாளர்கள் மறு அறிவித்தல் வரை கடலுக்குச் செல்ல' என்று மூன்று புள்ளியோடு நின்றால், வேண்டாமா, வேண்டுமா? எங்களுக்கு விசயம் வசனத்தின் கடைசியில்தான் இருக்கிறது. வெட்டுகிற இடத்தையே இன்னும் சரியாகப் பிடிக்காதவர்கள் அதைச் சுருக்கியும் தரப்போகிறார்களாம்.

எதிர்காலம் முழுக்க இருட்டு என்று நான் சொல்லவில்லை. நல்ல காரியங்கள் சத்தமில்லாமல் நடக்கின்றன. அன்ட்ரொயிட்டின் பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகப் பிழைகளால் வந்தவை 2019 இல் 76 வீதம், 2024 இல் 24 வீதம் என்று கூகிள் சொல்கிறது. புதுப்பகுதிகளை ரஸ்ட் என்ற மொழியில் எழுதத் தொடங்கியது அதற்கு முக்கிய காரணம். அந்த வகைப் பிழையை அநேகமாக எழுதவே விடாத மொழி அது. மேடையில் ஒருவரும் இதற்குக் கை தட்டமாட்டார்கள். 2018 இல் அப்பிளும் ஐஓஎஸ் 12 இல் புதுச் சோடனைகளைக் குறைத்துப் பழைய போன்களை வேகமாக்குவதில் இறங்கியது. அந்த ஒரு வருசம்தான் அப்டேற் போட்ட பிறகு ஆட்கள் என்னைத் தேடி வரவில்லை.

எங்களுடைய பெரிய பரிசோதனை 2022 இல் நடந்தது. எரிபொருள் வரிசை நீண்டு நீண்டு, கடைசியில் யூலையில் கியூஆர் அட்டை வந்தது. போனில் இருக்கிற அந்தக் கட்டக்கோலத்தைக் காட்டினால்தான் கிழமைக்கான பெற்றோல். போன் பங்கீட்டு அட்டையாகிவிட்டது. கரண்டும் இல்லாத காலம், சாச்சும் இல்லை. சனம் என்ன செய்தது? கொமினிக்கேசன்களுக்குப் போய்க் கோலத்தைக் கடதாசியில் அச்சடித்து, லமினேற் பண்ணி, மோட்டார்சைக்கிள் திறப்பில் கொளுவிக்கொண்டது. பற்றரி இறங்காது, அப்டேற் வராது, மழையில் நனைந்தாலும் சரி. நாட்டின் ஆக நவீனமான மென்பொருள் ஏற்பாடு, பொதுமகன் கையில் பிளாஸ்ரிக் மூடிய கடதாசியாக ஓடியது. ஒழுங்காகவும் ஓடியது. அதே வருசம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 க்குப் போனது, எங்கள் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அதற்கு எந்தக் கியூஆரும் மருந்தில்லை.

போனுக்கு என்றால் மருந்து தொடங்கியிருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 யூன் 20 இல் இருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு போன் மாடலை விற்பதை நிறுத்தின பிறகும் குறைந்தது ஐந்து வருசம் அப்டேற் கொடுக்க வேண்டும், உதிரிப்பாகம் ஏழு வருசம் கிடைக்க வேண்டும். கடையில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஒட்டுத்தாள். பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று எண் இருக்கும்; எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம், விழுந்தால் எந்த அளவுக்குத் தாங்கும் என்று எழுத்துப் போட்டுத் தரம் பிரித்திருக்கிறார்கள். அப்டேற்றைத் தாங்குமா, பிழைத்தால் பழசுக்குத் திரும்பலாமா என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் கட்டம் இல்லை. அதுவும் ஒருநாள் வரவேண்டும் என்றுதான் நான் கேட்பேன்.

குருநகர்ப் போன்களில் கணிசமானவை பாரிசில் இருந்தும் லண்டனில் இருந்தும் பெட்டியில் வருகிறவை. சித்தப்பாவுக்கு அடுத்த போனும் பாரிஸ் மச்சான்தான் அனுப்புகிறார். புள்ளிகளை இனி ஒரு கொப்பியிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா ஏற்கெனவே தொடங்கிவிட்டார், நினைவில் இருப்பதை எல்லாம் பேரன் எழுதுகிறான். மச்சானிடம், கடையில் அந்த ஒட்டுத்தாளைப் படம் எடுத்து அனுப்புங்கோ, திருத்துகிற தரம் என்ன எழுத்தென்று பாத்துச் சொல்லுறன் என்று வைபரில் கேட்டேன். பதில் உடனே வந்தது.

"அதெல்லாம் பாக்கலாம் மச்சான். சித்தப்பாவுக்கு நீலமோ கறுப்போ எண்டு முதல் சொல்லு."